கட்டாரில் ஒரு மடி

ஆவணி 13, வெள்ளி

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் மகளுக்கு இன்று தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் ரவி கட்டாரில் இருக்கிறான். அங்கே வெள்ளி லீவு என்பதால் போனில் லைவ் பார்க்க உட்கார்ந்திருந்தான். படம் பிடித்து அனுப்புவது என் பொறுப்பு. லுணுகலை டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன் மங்கலாக அனுப்பினால் மானம் போய்விடும் என்று, சிக்னலுக்குத் தக்கபடி படத்தின் தெளிவைப் போனே கூட்டிக் குறைக்கும் 'ஆட்டோ'வை நிறுத்தி, ஆகக்கூடிய தெளிவிலேயே வைத்தேன். மடத்தனம். தோட்டத்து சிக்னல் எனக்குத் தெரியாததா?

ஆசாரி கம்பியை எடுத்த நேரம் பார்த்து ரவிக்குப் படம் நின்றுவிட்டது. வட்டம்தான் சுற்றியதாம். அக்காவின் போனுக்கு எடுத்துக் கத்தினான்.

"நான் பாக்காம குத்தாதீங்க!"

ஆசாரி கம்பியைக் காதருகே பிடித்தபடியே காத்திருந்தார். மணி பத்து இருபது, பத்தரைக்கு ராகு காலம். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

ஆட்டோவைத் திரும்பப் போட்டேன். சிக்னல் இழுத்த இழுப்புக்குப் படம் தன்னைக் குறைத்துக்கொண்டது. அக்காவின் போனில் ரவியின் குரல் வந்தது.

"மொகம் கலங்கலாத்தான் இருக்கு. ஆனா நிக்காம ஓடுது. குத்துங்க ஆசாரி."

குத்தினார். பிள்ளை வீறிட்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் ரவி பேசினான். படம் தெளிவில்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கண்ணே. அவ கத்துனப்ப, மடியில வச்சிருந்த தலகாணிய நான் ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிட்டேன்."