எட்டு எட்டு போல்ட்

1979 பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் குளிர். அப்புறம் வெயில் சுள்ளென்று.

இன்றைக்கு எங்கள் மெக்கானிக் ஷெட்டில் இருந்தவர்கள்: நான். மகன் சேகர், பின்னறைக் கட்டிலில், மஞ்சள் காமாலை, கண்ணெல்லாம் மஞ்சள். தம்பி கோவிந்தன். மகள் வசந்தா. அவள் புருஷன் மாணிக்கம் (இனிமேல் மாப். என்று எழுதுவேன், விரல் வலிக்கிறது). அவர்கள் பெண் தேவி, ஐந்து வயசு. டிராக்டர்காரர் நர்சி ரெட்டி, கீசரைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். வேறு யாரும் இல்லை. நாளைக்கு வேறு எவனாவது நானும் இருந்தேன் என்றால் பொய்.

ரெட்டியின் வண்டி மில்லிமீட்டர் வண்டி. பழைய இங்கிலீஷ் வண்டிக்குப் போடும் இஞ்சு பானா, அதாவது ஸ்பேனர், இதற்குச் சேராது. பின்சக்கரம் இரண்டும் கழற்றியாயிற்று. ஆயில் சீல் போய் ஒழுகல். சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட் எல்லாம் மரை தேய்ந்து கிடந்தது. புதுசு வேண்டும்.

கோவிந்தன் கையெல்லாம் கிரீஸ். அதனால் மாப். கடைக்கு. சேகர் கட்டிலிலிருந்தே கத்தினான்.

"மச்சான், எட்டு எட்டு போல்ட்டா பாத்து வாங்குங்க. எட்டு எட்டு! மறந்துடாதீங்க."

மாப். சக்கரத்தின் ஓட்டைகளை விரல் வைத்து எண்ணினார். "கரெக்டா சொன்னீங்க மச்சான்" என்று சைக்கிளை எடுத்தார். குடியாத்தத்திலிருந்து இந்தத் தெலுங்குச் சீமைக்கு வந்து இத்தனை வருஷம், இன்னும் அதே தலையாட்டல். வண்டி நன்றாக ஓட்டுவார். மற்ற வேலையெல்லாம் இங்கே வந்து பழகியது.

திரும்பி வந்தார். எல்லாம் பளபள. ஒரு போல்ட் அதிகம். "கொசுறு குடுத்தான் அத்தை. நான் கேக்கவே இல்ல. சேட்டு எதுக்கெடுத்தாலும் ஹவ் பாய், ஹவ் பாய்னு ஆமாம் போட்றான். தங்கமான மனுசன்." கருவேப்பிலை மாதிரி கொசுறு. வாங்கி மாடத்தில் வைத்தேன், ஊறுகாய் ஜாடித் துணிமேல் பாரத்துக்கு ஆகும்.

கோவிந்தன் பானாவில் பைப்பைச் சொருகித் தொங்கித் தொங்கி டைட் வைத்தான். சேகர் கேட்டான், "மாமா, முள்ளு வெச்ச டார்க் பானா எங்க?"

எவ்வளவு டைட் என்று முள் காட்டுகிற பானா அது, எங்கே இருக்கும். எதிர் லேத்துக் கடை பாஷா வாங்கிப் போனது, தீபாவளிக்கு முன்னாடி. எப்போது கேட்டாலும் "கல் தேத்தூம் அம்மா" என்கிறான். அவன் பாஷையில் கல் என்றால் நாளைக்கு. எனக்கு அந்தக் கல்லைத் தூக்கி அவன் தலையில் போடத் தோன்றும். எழுதி வைக்கிறேன், மறக்கமாட்டேன்.

கோவிந்தனுக்கு சாயங்கால ரயில். மச்சினன் மகளுக்கு மஞ்சள் நீர், ஊருக்குப் போகிறான். முகம் கழுவிச் சட்டை மாற்றி ஓட்டம்.

பிப்ரவரி 10, சனி

ரெட்டிக்கு டிரைவர் இல்லையாம். மாப். ஓட்டிப்போய் இரண்டு நாள் கல் லோடு அடித்துக் கொடுத்துவிட்டு வருவதாகப் பேச்சு. வசந்தாவும் கிளம்பிவிட்டாள். ரெட்டி வீட்டில் புளி உலுக்குகிறார்கள், ஒரு மூட்டை தருகிறேன் என்றார்களாம். புளி என்றால் என் பெண் நரகத்துக்கும் போவாள்.

பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் உட்கார்ந்தார்கள், தாயும் பிள்ளையும். "உள்ள எறங்கி ஒக்காருடி தேவி" என்றேன்.

"நக்கோ ஆயா. இதர்ச் அச்சா ஹை." வேண்டாமாம், இங்கேயே நன்றாக இருக்கிறதாம்.

போய்விட்டார்கள். ரெட்டி பின்னால் மோட்டார் சைக்கிளில்.

பிறகு: அரிசி புடைத்தது. சேகருக்கு மோர், கீழாநெல்லி. ஊறுகாய்க்குத் துணி கட்டினேன், மேலே பாரம் வைக்க அந்தக் கொசுறு போல்ட்டை எடுத்தேன். தலையில் எழுத்து. துடைத்துப் பார்த்தேன். 4.6.

படிப்பு மூன்றாங்கிளாஸ்தான். ஆனால் எண் தெரியும். சேகர் ஷெட் போட்ட புதிதில் எனக்குக் காட்டியிருக்கிறான். இஞ்சு போல்ட்டின் தலையில் கோடு இருக்கும், மூன்று கோடு, ஆறு கோடு. மில்லி போல்ட்டில் எண் இருக்கும். கழற்றிப்போட்ட பழசை மண்ணெண்ணெய் டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 8.8. இன்னொன்று. 8.8. எல்லாம் 8.8.

சேகரிடம் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தான். மஞ்சள் முகம் வெள்ளையாயிற்று.

"இது எங்கருந்து வந்துச்சும்மா?"

"கொசுறு."

"மத்ததும் இதேவா?"

"எனக்கு எப்படிடா தெரியும். ஒரே பொட்டலம்தான்."

"நான் எட்டு எட்டுன்னு சொன்னேனே!"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சொன்னது சரி. கேட்டதும் சரி. ஆளுக்கு எட்டெட்டு முறுக்கு என்று நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டோமா? மாப். அப்படிக் கேட்டுக்கொண்டார். இந்தச் சக்கரத்துக்கு எட்டு, அந்தச் சக்கரத்துக்கு எட்டு. ஓட்டையும் எட்டெட்டாக இருந்து தொலைத்தது. அதனால்தான் விரல் வைத்து எண்ணிவிட்டுத் தலையாட்டினார். கடையில் தடிமனும் நீளமும் காட்டிப் பதினாறு கேட்டிருப்பார். சேட்டு ஹவ் பாய்.

சேகர் சொன்னது, எனக்குப் புரிந்த மட்டும்: முதல் எண் எவ்வளவு இழுத்தால் அறும் என்பது. இரண்டாவது எண் அதில் எவ்வளவு பங்குவரை அது ரப்பர் மாதிரி திரும்பி வரும் என்பது. அதைத் தாண்டினால் சவ்வு மிட்டாய். நீண்டது நீண்டதுதான், திரும்பாது. இரண்டையும் பெருக்கிப் பார் என்றான். வாய்ப்பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. எட்டெட்டு அறுபத்து நாலு. நாலாறு இருபத்து நாலு.

"அறுபத்து நாலுக்கு வெக்கிற டைட்ட இருபத்து நாலுல வெச்சா இன்னா ஆவும்மா? அப்பவே நீண்டுடும். பாக்க டைட்டாதான் இருக்கும். பிடி இருக்காது. லோடு ஏத்துனா சக்கரம் ஆடும். ஆட ஆட ஒண்ணொண்ணா தலை தெறிக்கும்."

"தெறிச்சா?"

எழுந்து சட்டையைத் தேடினான். கதவுவரை போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி. நான்தான் தாங்கிப் படுக்க வைத்தேன்.

வசந்தா உட்கார்ந்திருப்பது அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே. குழந்தை மடியில்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அந்த ஊருக்கு ஒரே பஸ்ஸாம், காலையிலேயே போய்விட்டதாம். இனி நாளைக்குத்தான். போன் உண்டா என்று கேட்டேன். கண்டக்டர் சிரித்தான். "அந்த ஊர்ல கரண்டே போன வருசம்தான் பெத்தம்மா." அவன் பல்லையும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்து பாஷா கடைக்குப் போனேன், அவன் மோட்டார் சைக்கிளாவது கிடைக்குமா என்று. கடை பூட்டு. மாமியார் ஊருக்குப் போயிருக்கிறான்.

சமையல் பாதி. வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் யாரோ சேதி கொண்டுவருகிறார்கள் என்று வாசலுக்கு ஓடுகிறேன். சத்தம் தாண்டிப் போனால் திரும்புகிறேன். அடுத்த வண்டி வருகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

மேகம். கையில் அந்த ஒரு போல்ட். மடியில் வெற்றிலை, பஸ் சார்ஜ்.

பஸ்ஸில் எல்லாரும் வாத்து மாதிரி கத்தல். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ரோடு ஓரம் எந்த டிராக்டரைப் பார்த்தாலும் முதலில் சக்கரத்தைப் பார்ப்பேன், பிறகுதான் ஆளை. ஓரிடத்தில் கூட்டம். ஒரு ட்ரெய்லர் கவிழ்ந்து கிடந்தது. நான் எழுந்து நின்று "ஆப்பு நாயனா" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லித் தெலுங்கில் கத்திவிட்டேன். கரும்பு வண்டி. நம் வண்டி இல்லை. பக்கத்துக்காரி என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கீசரை தாண்டி இறங்கினேன். ஊருக்குள் போக ஏரிக்கரை மேல் ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர். ஒரு பக்கம் பள்ளம், கருவேல முள். நடக்கிறேன். எதிரே டிராக்டர் சத்தம்.

கல் லோடு. மாப். ஓட்டிவருகிறார். வசந்தா மட்கார்டில், பிள்ளை மடியில், அவள் பாட்டுக்குப் புளியங்காய் கடிக்கிறாள். பள்ளத்துப் பக்கம் சக்கரம். பார்த்தவுடனே தெரிந்தது. நேராகச் சுற்றவில்லை. நொண்டிக் கோழி மாதிரி, ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பு.

பாதை நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். புடவைக்குள்ளே என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுதமாட்டேன்.

"இன்னா அத்தை! நீங்க எங்க இங்க? சேகருக்கு இன்னா ஆச்சு?"

"மெதுவா நிறுத்துங்க மாப்பிள்ளை. பிரேக்க சட்டுனு மிதிக்காதீங்க. வசந்தா, புள்ளய என்கிட்ட குடு. தண்ணிப் பக்கமா எறங்கு. கீழ பாக்காத."

"இன்னாம்மா நீ, பேய் அறைஞ்சவ மாதிரி."

"குடுடி!"

அந்தக் குரலை அவள் சின்ன வயசில் கேட்டிருக்கிறாள். கொடுத்தாள். இறங்கினாள்.

மாப். இறங்கிவந்து சக்கரத்தைப் பார்த்தார். மூன்று போல்ட்டுக்குத் தலையே இல்லை. இருந்த ஒன்றில் நட்டைத் தொட்டார். பானா வேண்டாம், விரலிலேயே சுற்றிற்று. தட்டில் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் நிற்கவில்லை. அப்படியே கரையில் உட்கார்ந்தார்.

"காலைலருந்து வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு அத்தை. ரோடுதான் சரியில்லன்னு நெனச்சேன்."

போல்ட்டைக் கொடுக்கக் கையை விரித்தேன். உள்ளங்கையில் எண் பதிந்திருந்தது, இடம் வலம் மாறி. தேவி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

ரெட்டி வந்தார். "ஏமைந்தம்மா, என்னாச்சு?" என்றார். சக்கரத்தைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். ஜாக்கி வைத்து, கல்லை இறக்கி, வண்டியை அங்கேயே விட்டோம். கரையிலிருந்து இறங்கும்போது பள்ளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. இப்போது கண்ணை மூடினால் வசந்தாவின் மஞ்சள் புடவை அந்த முள்ளுக்குள் கிடக்கிறது. அவள் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், சத்தம் கேட்கிறது. கேட்டும் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

வசந்தாவுக்குக் காய்ச்சல், பயத்தில். பிள்ளைக்கு விபூதி.

மாப். சேகர் கட்டில் பக்கம் தரையில் உட்கார்ந்து அழுதார். "எட்டெட்டுன்னுதானே மச்சான் சொன்னீங்க."

"எட்டெட்டுன்னுதான் சொன்னேன் மச்சான். என் மேலயும் தப்பு. தலைல எட்டுப் புள்ளி எட்டு இருக்கான்னு பாருங்கன்னு சொல்லியிருக்கணும்."

நான் சொன்னேன், இனிமேல் இந்த ஷெட்டில் யாரும் எட்டு எட்டு என்று சொல்லக்கூடாது. எண்பத்தெட்டு என்று சொல்லுங்கள். சேகர் சிரித்தான். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. "ஹவ் அம்மா."

மாப்.மேல் எனக்கு ஒன்றும் இல்லை. காதில் விழுந்ததை வாங்கினார். சேட்டுமேலும் இல்லை, கேட்டதைக் கொடுத்தான். பாஷா மாமியார் ஊரிலிருந்து வந்து, விஷயம் கேள்விப்பட்டு, முள் பானாவைத் துடைத்து எடுத்துவந்து காலில் விழாத குறை. முள் இன்னும் நேராகத்தான் இருக்கிறது. அவனையும் விட்டேன். என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

புது போல்ட் வந்தது. ஒவ்வொன்றாகத் தலையைப் பார்த்து நான்தான் டப்பாவில் போட்டேன்.

இன்னும் எழுத்து கோணல்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வெயில். ரெட்டி வண்டிக்கு மாப். புது போல்ட்டோடு போயிருக்கிறார், பாஷாவும் கூட. முள் பானா வைத்து டைட். திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது எனக்கு.

மத்தியானம் கோவிந்தன் வந்தான். கையில் அதிரசம், தேங்காய், வாழைப்பழம். மண்டபம் இப்படி, பிரியாணி அப்படி என்று பேச்சு. சொல்லட்டும் என்று விட்டேன். பிறகு தலை போன போல்ட்டை அவன் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மட்கார்டையும் சொன்னேன்.

அவன் போல்ட்டை எடுக்கவில்லை. அதையே பார்த்தான்.

"நீ டைட் வெச்சப்போ கையில ஒண்ணும் தெரியலயாடா?"

தெரியவில்லை அக்கா என்று சொல்லியிருந்தால் போயிருக்கும். பொய் என்றாலும் விழுங்கியிருப்பேன். என் அம்மா செத்தபோது இவனுக்கு நடை வரவில்லை. என் இடுப்பில் வளர்ந்தவன்.

"இருவது வருசத்துக் கை அக்கா. தெரியாம போவுமா? கெட்டியாவ வேண்டிய எடத்துல இளகுச்சு. வெண்ணெய் மாதிரி போச்சு. ரெண்டு மூணுல இல்ல, எல்லாத்துலயும்."

"அப்புறம்?"

"திரும்ப சக்கரத்தக் கழட்டணும். வேற வாங்கி வரணும். ரயிலு போயிடும்."

"சேகர் பத்தடில படுத்திருந்தான். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"சொன்னா வுடுவானா? நிக்க சொல்லுவான். தாங்கும்னு நெனச்சேன். இப்ப யாருக்கும் ஒண்ணும் ஆவலயே அக்கா."

அதிரசத்தைப் பொட்டலத்தோடு அவன் பையிலேயே திரும்ப வைத்தேன். சேகர் உள்ளேயிருந்து, "மாமா பாவம்மா, வுடு" என்றான். வசந்தா, "வுடும்மா" என்றாள். மாப். திரும்பி வந்தால் அவரும் அதையேதான் சொல்வார்.

சேட்டை விட்டேன். பாஷாவை விட்டேன். பல்லைக் காட்டிய கண்டக்டரைக்கூட விட்டேன்.

கோவிந்தனை விடமாட்டேன்.