மறைக்கல்விப் பதக்கம்

சென்னகிருஷ்ணா,

நம் பள்ளியின் வரலாற்று மலரில் என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: 'எட்டாம் வகுப்பில் கிறிஸ்தவ வேதபாடத் தேர்வெழுதி மறைக்கல்விப் பதக்கம் வென்றபோதே இவர் குருவாவார் என்று தெரிந்தது.'

அதை எடுக்கச் சொன்னேன். தேர்வு நடத்த வந்த வெளியூர்க்காரருக்கு எங்கள் முகம் தெரியாது, எனக்குப் பதில் பீளமேட்டு நாயுடு வீட்டுப் பையன்தான் உட்கார்ந்து எழுதினான் என்றேன்.

"ஏனுங்க ஃபாதர், இத்தன தாழ்மையாங்க உங்களுக்கு!" என்று மலர்க்குழு உருகியது.

இன்று அச்சுப்படி வந்தது. வரி அப்படியே இருக்கிறது. கூடவே 'தாழ்மையின் உருவம்' என்றும் சேர்த்திருக்கிறார்கள். எரிச்சலில் மேசையை அறைந்தேன்.

பதக்கத்தை நான் மாட்டிக்கொண்ட அன்றே பேச்சை நிறுத்தியவன் நீ. ஊரார் பாவத்தையெல்லாம் கேட்கிறேன். என் ஒரு பாவத்தை நம்ப ஆளில்லை. மலர் வெளியீட்டு விழாவுக்கு வந்து நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
நீ எழுதிய தேர்வில் தேறியவன்