இரண்டு பங்கு தின்ற குதிரை

வேலிக்கம்பி வாங்கச் சென்றிருக்கும் உங்களுக்கு,

குதிரைக்குக் கடுமையான வயிற்றுவலி. தரையைக் காலால் கீறிக்கொண்டு, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. மருத்துவரை வரவழைத்தேன். ஊசி போட்டபின் அமைதியாக நிற்கிறது. நீங்கள் வரும் நேரம் என்பதால், அவருடன் சென்று மருந்து வாங்கி வருகிறேன்.

"தீனி யாரும்மா வைக்கிறது?" என்றார் மருத்துவர். நான்தான் என்றேன். "காலையில இந்தப் பக்கமா போனப்ப உங்க வீட்டுக்காரர் வெச்சிட்டு இருந்தாரே. ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?" என்று கேட்டார். நாம் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து அது இரண்டு பங்கு தானியம் தின்றிருக்கிறது.

லத்தி போடும்வரை தீனி எதுவும் கூடாது. தண்ணீர் மட்டும் வையுங்கள். கெஞ்சுவதுபோல் பார்க்கும், இளகிவிடாதீர்கள். படுத்துப் புரண்டால் உடனே எனக்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. கொட்டகைச் சாவியை ஆணியில் மாட்டவும், சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்காமல் குதிரை வாங்கியது தவறு என்ற என் எண்ணத்தில் மாற்றமில்லை. ஆனால் வலியோடு அது என் தோளில் தலையைச் சாய்த்தபோது, அதை இழக்க நான் தயாராக இல்லை என்று தெரிந்தது.

பி.கு.: நாளை முதல் காலைத் தீனி உங்களுடையது, மாலை என்னுடையது. வைத்ததும் வந்து வாய்திறந்து சொல்ல வேண்டும். இத்தனை நாள்போல் இருமிக் காட்டுவது செல்லாது.

இன்னும் ஒன்று: வேறு விஷயங்கள் பேசினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.