அதே எண்ணில் வேறொருவர்

போன வாரம் ஒரு காலை போனில் வாட்ஸப்பைத் திறந்தால், உன் பெயருக்குப் பக்கத்தில் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை லோடு வண்டியின் படம். உன் முகம் இருந்த இடத்தில்! நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சும்மா கிடக்கும் நம்பரை அப்படிக் கொடுப்பதுதான் வழக்கம், தெரியும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உனக்கு இது புரியும். நூல் மில்லில் மோட்டார்களைக் கண்காணிக்க நாம் சி மொழியில் எழுதிய நிரல் ஞாபகம் இருக்கிறதா? எச்சரிக்கை யுடிபியில் போக வேண்டும், செட்டிங் டிசிபியில் வர வேண்டும். தகவல் போகும் இந்த வழிமுறை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; கணினிக்குள் அதற்கு ஒரு பட்டியல் உண்டு. கெட்ப்ரோட்டோபைநேம் என்ற ஃபங்ஷனிடம் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடி எடுத்து ஓரிடத்தில் வைத்து, அந்த இடத்தின் முகவரியைத் தரும். நீ முதலில் டிசிபியைக் கேட்டாய், பிறகு யுடிபியை. இரண்டு முகவரியையும் பத்திரமாக வைத்துக்கொண்டாய். பிறகு பார்த்தால் இரண்டிலும் யுடிபியின் பதினேழு. டிசிபியின் ஆறைக் காணவே காணோம். கேபிளைத் திட்டினாய், மில் எலக்ட்ரீஷியனைத் திட்டினாய், கடைசியில் நெற்றியில் அடித்துக்கொண்டாய்.

"ஒரே தட்டு புள்ள! மொதல்ல இட்லி வெச்சான், நான் திங்காம வேடிக்கை பாத்துட்டு இருந்துட்டேன். அதே தட்டுல தோசைய வெச்சுப்போட்டான். இப்ப இட்லி எங்கடான்னா எங்க போவான்?"

அன்றிலிருந்து யார் நிரலைப் பார்த்தாலும் உன் வாயில் ஒன்றுதான்: "வந்த ஒடனே நகல் எடுத்து வெச்சுக்க." நானும் எடுத்து வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய குரல் பதிவு ஒன்று விடாமல் லேப்டாப்பிலும் இருக்கிறது, பென்டிரைவிலும் இருக்கிறது.

சரி, அந்தக் குட்டியானைக்காரரிடம் சண்டை போடவே கூப்பிட்டேன். "ஏனுங்க, யாருங்க?" என்றார். சத்தியமங்கலத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தாராம். சண்டைக்கு வாய் வரவில்லை. இது என் சிநேகிதியின் பழைய நம்பர் என்று மட்டும் சொன்னேன்.

"அப்படிங்களா அக்கா? காரமடையிலிருந்து ஒரு அம்மா வெள்ளிக்கெழமையானா கூப்புடறாங்க. ராங் நம்பருன்னு சொல்லிப்போட்டேனுங்க. 'இருக்கட்டுங்க தம்பி, சாப்டீங்களா?'ன்னாங்க. நானும் சாப்டேனுங்கம்மான்னேன். வாரம் தவறாம இதேதானுங்க."

உன் அம்மா. அந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, பென்டிரைவில் இருந்ததையெல்லாம் போனில் ஏற்றிக்கொண்டு காரமடை வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்தேன். உன் குரலைக் கேட்டால் அந்த நம்பரை விட்டுவிடுவார்கள் என்று என் கணக்கு.

அம்மா தெளிவாகத்தான் இருந்தார்கள். காப்பி கொடுத்தார்கள். மெல்ல விஷயத்தை எடுத்தேன்.

"எம் புள்ள போயிருச்சுன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? நாந்தானே வாய்க்கரிசி போட்டேன். வெள்ளிக்கெழமை வேலை முடிஞ்சு அது கூப்புடற நேரம் வந்துருச்சுன்னா வெரலு தானா அந்த நம்பரப் போட்டுருது. அந்தத் தம்பியும் நல்லாப் பேசறான்."

போனை நீட்டினேன். "அம்மா, அவ குரலு எங்கிட்ட இருக்குதுங்க. எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

உன் குரல் ஓடியது. 'இந்த வாரம் அம்மாவப் பாக்கப் போக முடியாது புள்ள, மில்லுல வேலை.' முழுக்கக் கேட்டார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்: "சாப்டியான்னு நாங் கேட்டா, இது பதில் சொல்லுமா கண்ணு?"

போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நகல் எடுக்கச் சொன்னாயே தவிர, நகல் வாயைத் திறக்காது என்று நீயும் சொல்லவில்லையே.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே குட்டியானைக்காரரைக் கூப்பிட்டேன். "ஒரு வெள்ளிக்கெழமை அம்மா கூப்புடலீன்னா எனக்கு ஒரு போன் போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"கட்டாயம் போடறேனுங்க அக்கா. இனி எனக்கும் அவங்க அம்மா மாதிரித்தானுங்க."

அவர் பெயர் என்னவென்று கேட்டுக்கொண்டேன். ஆனால் போனில் மாற்றவில்லை. அங்கே இன்னும் நீதான் இருக்கிறாய். இனி என் போனில் உன் பெயரில் மணி அடித்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு நான் காரமடைக்குக் கிளம்ப வேண்டும்.