காலடியில் இரும்பு முள்

20 டிசம்பர் 1998, ஞாயிறு

பூசை முடிந்து வந்து நத்தார்ப் பெருநாளுக்குப் பயற்றம் பணியாரம் சுட்டேன். மா இறுகிப் போய்விட்டது. என் கணவர் சீமோன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உது பல்லுக்குச் சோதனை" என்றார். சொல்லிச் சொல்லியே பாதியைத் தின்று முடித்துவிட்டார்.

22 டிசம்பர், செவ்வாய்

எழுதினால் மனம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டால் இறங்கினோம். அவருக்கு மிசிசாகாவில் வேலை, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையலறையில். எனக்கு இங்கே ஸ்காபரோவில் பாண் சுடுகிற பக்டரி. பஸ் தரிப்பு வரை ஒரே பாதை. முதல்நாள் தூறிய மழை அப்படியே உறைந்து கிடந்திருக்கிறது. பார்வைக்கு ஈரத் தார் றோட்டு மாதிரித்தான் இருந்தது. பஸ் வருவதைக் கண்டு அவர் ஓர் எட்டு வேகமாக வைத்தார். அவ்வளவுதான். பக்கத்தில் கதைத்துக்கொண்டு வந்த மனிசனைக் காணவில்லை. கால் இரண்டும் மேலே போய், பின்மண்டை நிலத்தில் அடித்தது. அந்தச் சத்தத்தை எதோடும் ஒப்பிட எனக்கு விருப்பமில்லை.

கண் திறந்தபடி கிடந்தார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தொப்பிக்குக் கீழே பனி சிவந்துகொண்டு வந்தது. ஓடிப்போய்த் தூக்க எனக்கும் கால் நிற்கவில்லை. தவழ்ந்துதான் போனேன். ஐயோ மாதாவே, தவழ்ந்துதான் போனேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தையல் போட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, சில நாள் படுத்து ஆறுதல் எடுத்தால் போதும் என்றார் டொக்டர். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்!

25 டிசம்பர்

நத்தார்ப் பூசைக்கு நான் தனியே போய் வந்தேன். தலையிடி என்றார்.

28 டிசம்பர், திங்கள்

இன்று அவர் திரும்பவும் வேலைக்கு. எனக்கு ஷிப்ட் மாறிவிட்டதால் நான் அவருக்கு முதலே இறங்கவேண்டும். "கவனமாப் போங்கோ" என்றேன். "ஓம், ஓம்" என்றார், சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி. பின்னேரம் நான் வந்தபோது வந்து இருந்தார். வேலை எப்படி என்று கேட்டேன். வழக்கம்போலத்தான் என்றார்.

2 ஜனவரி 1999, சனி

விடிந்ததில் இருந்து ஸ்னோ. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. கார்கள் எல்லாம் வெள்ளை மேடுகளாகக் கிடக்கின்றன. சீமோன் யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

6 ஜனவரி, புதன்

என்ன எழுதுவது? எப்படி எழுதுவது?

பக்டரியில் மெஷின் பழுதாகி எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வெள்ளனவே வந்ததுதானே என்று ஊத்தை உடுப்பை எடுத்துக்கொண்டு கீழே எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்றில் இருக்கும் லோன்றிக்குப் போனேன். கதவைத் திறந்தால், காயவைக்கிற மெஷினுக்குப் பக்கத்து மர வாங்கில் இருந்தபடி ஓர் ஆள். ஜக்கெற், தொப்பி, காலில் பூட்ஸ். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. நான் காலமை கட்டி வைத்த புட்டும் மீன்குழம்பும்.

என்ரை மனிசன்.

வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. நான் உடுப்புக் கூடையைக் கீழே போட்டுவிட்டேன்.

"நீர் ஏன் இந்த நேரம் வந்தனீர்?" என்று என்னைக் கேட்கிறார்!

"நீங்கள் வேலைக்குப் போகேல்லையோ?"

பெட்டியை மூடினார்.

"இண்டைக்கு மட்டுமோ?"

இல்லையென்று தலையை ஆட்டினார். ஒருநாளும் போகவில்லையாம். அடிபட்ட பிறகு ஒருநாளும். வேலையிடத்துக்குத் தலைசுற்று என்று போன் பண்ணிவிட்டு, நான் இறங்கிய பிறகு இங்கே வந்து இருந்திருக்கிறார். நான் வருகிற நேரத்துக்கு முன் மேலே போயிருக்கிறார். வழக்கம்போலத்தான் என்று ஒவ்வொரு பின்னேரமும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரே!

கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு சீனப் பெண் உடுப்புத் தோய்க்க வந்தாள். நான் குனிந்து உடுப்புகளைப் பொறுக்கினேன். அவரும் பொறுக்கினார்.

7 ஜனவரி, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று போன் பண்ணினேன். பிறகுதான் உறைத்தது, நானும் அதே பொய்யைத்தான் சொல்கிறேன்.

தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு முன்னால் இருந்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"றோசலின், நான் லொபிக் கதவடி வரைக்கும் போறனான். ஒவ்வொரு நாளும் போறனான். கையைக் கதவிலை வைச்சவுடனை கால் வராதாம். என்ரை கால், நான் சொன்னாக் கேக்குதில்லை."

"வழுக்கினது ஒருக்காத்தானே அப்பா."

"அது உமக்குத் தெரியாது. நிலம் இருக்கெண்டுதான் மனிசன் காலை வைக்கிறான். அது இல்லாமல் போச்சு."

நான் மணமுடித்த சீமோன் கடல் கொந்தளித்தபோது வள்ளத்தில் பாட்டுப் பாடியவர். ஊரில் ஷெல் விழுந்த நாட்களில் சைக்கிளில் போய் எனக்கு மருந்து வாங்கி வந்தவர். அவருக்குப் பயம் வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பொய்யை விட அதுதான் என்னை அதிரவைத்தது.

9 ஜனவரி, சனி

வேலையில் பக்கத்தில் நிற்கும் யோகமலர் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தாளைத் திட்டாதையும்" என்றார். பின்னேரமே கடையால் ஒரு சோடி சாமான் வாங்கிக்கொண்டு வந்தார். ஒஷாவாவில் அவருடைய தம்பி, தபால் போடுகிறவர், இதைப் போட்டுத்தான் வீடு வீடாகப் போவாராம்.

கறுப்பு ரப்பர். சப்பாத்துக்கு மேலால் இழுத்து மாட்டுகிறது. அடியில் சின்னச் சின்ன இரும்பு முள்ளுகள். முன்பக்கத்தைக் கொளுவிப்போட்டுக் குதிக்கால் பக்கத்தை இழுக்க வேணும், இருந்துகொண்டு போடவேணும் என்று செய்து காட்டினார்.

சீமோன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு லாடம் அடிக்கப் போறியளோ?" என்றார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு பகிடி. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

10 ஜனவரி, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் நானே மாட்டிவிட்டேன். லொபியில் கம்பளம் விரித்த பாதையால் மெல்ல நடத்திக்கொண்டு போனேன். கதவடியில் என் கையை அவர் பிடித்த பிடியில் விரல் நொந்தது. பிறகு ஒரு கால் வெளியே. மற்றக் கால். கார்கள் நிற்கிற இடத்தில் பளபளவென்று ஐஸ். அதில் மிதித்தார். கறக் என்று முள் இறங்கியது. இன்னோர் அடி. கறக். என் கையை விட்டுவிட்டார்! குப்பைத் தொட்டி வரைக்கும் தனியே போய்த் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"பிடிக்குதப்பா. நிலத்தைப் பிடிக்குது."

அந்தச் சந்தோசத்தில் லொபிக்குள் திரும்பி வரும்போது கம்பளத்தை விட்டு விலகி நேரே எலிவேற்றரை நோக்கி நடந்தார். நானும் கவனிக்கவில்லை. மாபிள் நிலம். இரும்பு முள் அதில் எப்படிப் பிடிக்கும்? சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் தோள் அடிபட்டு விழுந்தார்.

ஓடிப்போய்த் தலையைத் தடவிப் பார்த்தேன். காப்பாற்ற வாங்கியதே விழுத்திவிட்டதே!

தலை படவில்லை, கடவுளே நன்றி. எழும்பி அந்த இடத்திலேயே இருந்து இரண்டையும் கழற்றி வீசினார். "வீட்டுக்குள்ளையும் நிலம் இல்லை" என்றார்.

11 ஜனவரி, திங்கள்

வேலையில் நடந்ததைச் சொன்னதும் யோகமலர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ளுக்கை வரமுந்திக் கழட்டவேணுமெண்டு நான் சொல்லேல்லையோ? ஐயோ, சொல்லேல்லைத்தான். மாபிளிலை, கடைத் தரையிலை எல்லாம் அது சறுக்கும். வெளியிலை மட்டுந்தான்."

வீட்டுக்கு வந்து சீமோனிடம் அப்படியே சொன்னேன். ரீவியைப் பார்த்தபடி இருந்தார். முள்ளுகளைக் கழுவித் துடைத்து அவருடைய பூட்ஸுக்குள் வைத்தேன்.

அவருடைய சுப்பவைசர் போன் பண்ணினான். வருகிற திங்கள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவானாம்.

15 ஜனவரி, வெள்ளி

மறுபடியும் ஸ்னோ கொட்டுகிறது. இத்தனை வருசத்தில் இப்படிக் கண்டதில்லை. நகரசபையால் சமாளிக்க முடியாமல் ராணுவத்தைக் கூப்பிட்டுவிட்டார்களாம். ரீவியில் காட்டினார்கள்: பச்சை உடுப்பு, பச்சை ட்ரக், கையில் ஸ்னோ அள்ளுகிற சவள். இரும்புக் கவசம் போட்ட வண்டியும் ஒன்று.

சீமோன் கதிரையால் எழும்பிவிட்டார். "இஞ்சை ஏன் ஆமி? இஞ்சை ஏன்?"

"ஸ்னோ அள்ள அப்பா."

எனக்கும் நெஞ்சு அடித்தது. ஊரில் ஆமி அவரைப் பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்திருந்தது. வெளியே வந்தபோது அவரை அவருடைய தாய்க்கே அடையாளம் மட்டுக்கட்ட முடியவில்லை. அந்த நாட்களைப் பற்றி என்னிடம்கூடக் கதைப்பதில்லை. திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போவது இனி நடவாத கதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

18 ஜனவரி, திங்கள்

காலமை நான் எழும்பி வந்தபோது அவர் உடுத்திக்கொண்டு கதவடியில் நின்றார். கையில் முள்ளுகள். "கீழை கதவடியிலை போடுறன்" என்றார். எனக்கு நம்பமுடியவில்லை. ஷிப்ட் பிந்தினாலும் பரவாயில்லை என்று கூடவே போனேன்.

லொபிக் கதவடி வாங்கில் இருந்துகொண்டு மாட்டினார். பாதத்தைத் தட்டையாக வைத்துச் சின்னச் சின்ன எட்டாக நடந்தார். நான் அவருடைய ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் வழுக்கியது எனக்குத்தான்.

வளைவு திரும்பினால், பஸ் தரிப்பில் பச்சை ட்ரக். நாலைந்து ஆமிக்காரர் ஸ்னோ அள்ளுகிறார்கள். சீமோன் நின்றுவிட்டார். திரும்பிப் போவம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்த நேரம் கரையில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் சவளோடு பின்னுக்கு ஓர் அடி வைத்தான். கால் இரண்டும் மேலே போயின. அதே மாதிரி. அதே சத்தம்.

நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது என் கையில் ஜக்கெற் இல்லை. சீமோன் அந்த ஐஸுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தார். கறக், கறக், கறக். மற்ற ஆமிக்காரர் ஓடிவரப் பார்த்துத் தாங்களும் சறுக்கினார்கள். இவர் போய்ச் சேர்ந்து முழந்தாளில் இருந்து, அவனுடைய தலைக்குக் கீழே கையுறை போட்ட கையை வைத்தார்.

"டோன்ட் மூவ். ஸ்லோலி, ஸ்லோலி" என்றார். பிறகு தமிழில், "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, நிலம் இஞ்சைதான் இருக்கு" என்றார்.

அந்தப் பொடியனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இவரைப் பார்த்து முழித்தான். ஹெல்மெற் போட்டிருந்ததால் தலை தப்பிவிட்டது. கொஞ்சநேரம் கழித்து, இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். பச்சைச் சட்டைக் கை என் மனிசனின் தோளில். அதைப் பார்த்துக்கொண்டு நான் சிலைபோல நின்றேன். சத்தியமாக எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

பஸ் வந்தது. சீமோன் ஏறி முன்சீற்றில் இருந்துகொண்டு முள்ளுகளைக் கழற்றிப் பையில் வைத்தார். பஸ் நகரும்போது யன்னலால் என்னைப் பார்த்துக் கைகாட்டவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி போனார்.

19 ஜனவரி

போய்விட்டு வந்தார். உண்மையாகவே போய்விட்டு வந்தார். ஜக்கெற்றில் பொரித்த கோழி மணம்.

அந்தப் பொடியனைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

9 பெப்ரவரி, செவ்வாய்

இன்று பின்னேரம் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. திரும்பினால் சீமோன், தோளில் ஸ்னோ.

அவர் வருகிற நேரம் வந்துவிட்டதென்றே எனக்கு நினைவில்லை. இந்த மூன்று கிழமையும் பார்த்ததுபோல யன்னலால் எட்டிப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பஸ் தரிப்பை நினைக்கவே இல்லை. எப்படி மறந்தேன்? கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"என்னப்பா, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்? கத்தரிக்காய் கருகுது" என்றார்.