ஏரி இல்லாத படம்

1958 அக்டோபர் 14

இன்று இன்னொரு ஏரிப் படம். நடுவில் படகு, படகுக்குள் ஒரு ஜோடி, ஓரத்தில் யூகலிப்டஸ். கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடலாம். போன சீசனில் மலையேறி வந்த கூட்டத்துக்குப் பாதி அப்படித்தான் போட்டேன். 'இராமலிங்கம் பிரேம் ஒர்க்ஸ்' என்ற நம் கடையில் ஒரு சுவர் முழுக்கப் பழனி முருகன், எதிர்ச்சுவர் முழுக்க என் ஏரி. முருகனாவது கேட்ட வரம் தருவார். என் ஏரி, வாங்கியவர் வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தை மறைக்கும்.

அக்டோபர் 20

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். இனி ஏரி கிடையாது. மரம், மலை, மனுஷன் எதுவும் கிடையாது. நிறம் மட்டும்தான்.

"எதுவுமே இல்லாததை எவன் வாங்கி மாட்டுவான்?" என்றார் இவர். ரசத்தை ஊற்றிக்கொண்ட பிறகு பெரிய மனசு பண்ணினார். "சரி லீலா, சித்திரை பொறக்குறதுக்குள்ள ஒரே ஒரு படம் முடிச்சுக் காட்டு. இல்லேன்னா சீசனுக்குப் பழையபடி ஏரிதான்."

ஒன்றுதானே, இதென்ன பிரமாதம் என்றேன். என் வாயை என்ன செய்வது!

அக்டோபர் 29

நீலம் வைத்தால் தண்ணீர் ஆகிவிடுகிறது. பச்சை வைத்தால் மரம். கை தானாகக் கரை கட்டுகிறது. வம்பே வேண்டாம் என்று சிவப்பு வைத்தேன். சூரிய அஸ்தமனம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

நவம்பர் 6

மழை. முந்தாநாள் வைத்த கலர் இன்னும் காயவில்லை. துணியும் காயவில்லை, விறகும் காயவில்லை. மலைமேல் இந்த நாயுடுபுரத்தில் காய்வது என் வயிறு மட்டும்தான்.

நவம்பர் 13

இவருக்கு மாற்றுப் பனியன் இல்லை. எல்லா வீட்டிலும் செய்வதுதான்: கரி அடுப்பைக் கனியவிட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, பனியனை விரித்தேன். பக்கத்தில் இடம் இருந்தது. ஈரப் படத்தையும் அவசரத்தில் குப்புறப் போட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

திரும்பி வந்து எடுத்தால் — கூடைப் பின்னல் கலரில் பதிந்து கிடக்கிறது. சூடு பட்ட இடம் வெளுத்து, படாத இடம் கறுத்து, ஊடே புகை. கரை இல்லை! தண்ணீர் இல்லை! இத்தனை நாள் என் கை செய்யாததை ஒரு கூடை செய்துவிட்டது.

பனியனில் அரைப்பக்கம் நீலம். "நான் பழனிக்காரன்டீ. என்னைய எதுக்குக் கிருஷ்ணனாக்குறே?" என்றார்.

டிசம்பர் 2

ஒரு வேலைமுறை வசப்பட்டுவிட்டது. கலரைத் தண்ணீராகக் கரைத்துத் தாளில் ஊற்றுகிறேன். பனிமூட்டமாய் மஞ்சு இறங்கும் நேரம் பார்த்து வெளியே கொடியில் தொங்கவிடுகிறேன். கலர் எங்கே ஓட நினைக்கிறதோ ஓடட்டும். பிறகு கூடைமேல் குப்புற. சூடு ஏறியதும் ஈரத்துணியால் பாதியைத் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி ஊற்றுகிறேன். மஞ்சும் கரியும் வேலை பார்க்கின்றன. நான் வெறும் மேஸ்திரி.

டிசம்பர் 19

முறை வந்துவிட்டது, படம்தான் வரவில்லை. காலையில் அழகாக இருக்கும். இன்னும் கொஞ்சம் என்று ஒரு கை வைப்பேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். சாயங்காலம் சாணி.

ஏரி என்றால் படகை வைத்ததும் முடிந்தது. இதில் எதை வைத்தால் முடியும்? யாரைப் போய்க் கேட்பது?

1959 ஜனவரி 11

சாணி.

ஜனவரி 30

"முடிஞ்சுதா?" என்றார் இவர். இல்லை. "சோறு வெந்தா எறக்குறே இல்ல? அதுமாதிரி எறக்கிரு." ஆகா, பிரசங்கம்! சோற்றை ஒரு பருக்கை நசுக்கிப் பார்க்கலாம். இதை எங்கே நசுக்குவது?

பயமாத்தான் இருக்கு. எனக்கு ஏரி மட்டுந்தான் வருமோ? கெழவியாகுற வரைக்கும் படகுதானா?

பிப்ரவரி 16

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்ததும் அத்தை, இவருடைய அம்மா, பழனியிலிருந்து வந்திருக்கிறார். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். பெட்டியில் புடவை ரெண்டு, சந்தனக்கட்டை, குங்குமம், விபூதி. குளிர் தாங்காமல் என் கரி அடுப்பை விட்டு நகர மாட்டேன் என்கிறார். கூடைமேல் இப்போது படத்துக்குப் பதில் அத்தையின் போர்வை. கலை வளர்கிறது.

மார்ச் 3

ஒன்று தேறும்போல் இருக்கிறது. முழுக்கச் சாம்பல், அடியில் ஒரு சிவப்பு கனன்றுகொண்டிருக்கிறது. அளவு பார்க்க இவர் ஒரு சட்டத்தை மாட்டிவிட்டுப் போனார். கண்ணாடி இன்னும் போடவில்லை. வலது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு வேண்டும். நாளைக்கு.

மார்ச் 4

ஐயோ. ஐயையோ.

காலையில் பார்த்தால் படத்தின் நாலு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்! நடுவில் பெரிதாக ஒன்று! கண்ணாடி இருந்தால் துடைத்துவிடலாம். தாள் குடித்துவிட்டது.

"என்னங்கத்தை பண்ணி வச்சிருக்கீங்க?"

"சட்டம் போட்ட படத்தைப் பொட்டில்லாமப் பாழா விட்ருக்கியே! வெள்ளனே எந்திரிச்சு நாந்தான் வச்சேன்."

"அது சாமிப் படம் இல்லங்கத்தை!"

"எந்தச் சாமின்னு எனக்கும் புடிபடலை. அதான் பொதுவா வச்சுட்டேன்."

யாரிடம் போய் முட்டிக்கொள்வது? பகல் முழுக்கப் பாத்திரங்களை நங்கென்று வைத்தேன். அத்தை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மார்ச் 5

பொட்டை மூடிவிடலாம் என்று கறுப்பைக் குழைத்தேன். பிரஷை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றேன். கை இறங்கவில்லை.

யாருக்கு? எனக்கு! கற்பூரம் காட்டும்போது கொட்டாவி விடுகிறவளுக்கு! பொட்டு வைத்த படத்தில் பிரஷை வைப்பதா என்று விரல் விறைத்துப்போகிறது. போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் இறங்கவில்லை. வலது ஓரத்தைக் கூடத் தொட முடியவில்லை.

சரி, தொட முடியாது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றால் —

முடிஞ்சிருச்சு. எம் படம் முடிஞ்சிருச்சு!

தள்ளி நின்று பார்த்தேன். வலது ஓரத்தில் கறுப்பு வேண்டியதே இல்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அத்தை பயந்துபோய் என் நெற்றியில் விபூதி பூசினார்.

மார்ச் 19

பங்குனி உத்திர வியாபாரம் இருப்பதால் அத்தை பழனிக்கு இறங்கிவிட்டார். கிளம்பும்போது சந்தனக்கட்டையைக் கேட்டேன். "இப்பவாச்சும் பக்தி வந்துச்சே" என்று பூரித்துப்போய்க் கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் அடுத்த படம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை அரித்தது. சந்தனம் இழைத்தேன். தாளைத் திருப்பி, முதுகில் ஒரு பொட்டு வைத்தேன். அரிப்பு நின்றது.

ஏப்ரல் 20

சீசன் கூட்டம். கடையில் ஏரிச் சுவர் காலி. முருகன் சுவரில், முருகனுக்குப் பக்கத்தில், ஐந்து பொட்டோடும் கண்ணாடி போட்டு என் படம். நான் உள்ளே சட்டங்களைச் சுவரில் மாட்டக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். மதுரைக்காரத் தம்பதி ஒன்று வந்து நின்று, "ஏரிப் படம் இல்லீங்களா?" என்றது.

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கயிற்றையே பார்த்தேன். 'போட்டுத் தர்றோம்' என்று இவர் ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கே நான் படகு போட்டாக வேண்டும்.

"ஏரி அந்தாக் கீழ எறங்குனா கெடக்குங்க, போயிப் பாத்துக்கங்க. இது இங்க மட்டுந்தான் இருக்கு" என்றார்.

அவர்கள் வாங்கவில்லை, ஏரியைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் தோள் துண்டை எடுத்து என் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் முருகனைத் துடைத்தார்.