பெற்றோருக்கு ஒரு மாலை

செப்டம்பர் 3, புதன்

மழை. முழங்கால் வலி. பூசைக்குப் போகவில்லை.

ஜோவான் தன் புகைப்படத் தொழிலின் இணையப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தொழில் என்று பெரிதாகச் சொல்கிறேன். என் மருமகளிடம் இருப்பது இரண்டு கேமராவும் என் வீட்டு முன்னறையும்தான். ஆங்கிலத்தில் வாரம் ஒரு வலைப்பதிவு போடுகிறாள். தமிழ்க் கல்யாணங்கள் எல்லாம் எங்கள் தீவை விட்டு அக்கரைப் படக்காரர்களுக்கே போவதால் இனித் தமிழிலும் எழுத வேண்டுமாம்.

"மம்மி, நீங்க ஐடியா மட்டும் குடுங்க. நான் எழுதிக்கிறேன்."

அவள் எழுதி வைத்திருந்த ஒரு பத்தியைப் படித்தேன். ளகரமும் லகரமும் இடம் மாறிக் கிடந்தன. நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கான்வென்ட்டில் எல்லாம் ஆங்கிலம். தமிழை நான் சனிக்கிழமை வகுப்பில் கேட்டு வாங்கிப் படித்தவள். பிழை விடமாட்டேன்.

பாத்திரம் கழுவும்போது என் மகன் ரயன் அவளிடம் சொல்வது காதில் விழுந்தது. ஜொகூரில் அவனுக்கு வேலை தருகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். "உன் பிசினஸ் பிக்கப் ஆனா இங்கயே இருக்கலாம் ஜோ. இல்லன்னா போய்டுவோம். மம்மி வரமாட்டாங்க."

வரமாட்டேன்தான். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 6, சனி

எழுதுவதற்கு யோசித்தவை: தேவாலயப் படியில் நாற்பது உறவினரை நிறுத்துவது எப்படி. கல்யாண நாளில் மழை வந்தால். தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைக்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் காலணி ஏன் ஆகாது. பசியோடிருக்கும் குழந்தையைப் படமெடுக்கத் தூக்கிவரும் தாய்மார்களுக்கு.

ஜோவான் படித்துவிட்டுச் சிரித்தாள். "மம்மி, இது ஐடியாவா, ஏச்சா?"

செப்டம்பர் 13, சனி

இரண்டு பதிவு வெளியாயிற்று. படித்தவர்கள் மிகச் சிலர். அதில் ஒருத்தி நான்.

ரயன் ஜொகூர்த் தாள்களைக் குளிர்பெட்டியின் மேல் வைத்திருக்கிறான். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் யாரிடம் சண்டை போடுவேன்?

செப்டம்பர் 18, வியாழன்

ஜோவானுக்கு நல்ல யோசனை ஒன்று வந்திருக்கிறது. வயதானவர்கள் விளக்குகளுக்கு முன்னால் விறைத்துப்போகிறார்கள். அவர்களை எஸ்பிளனேடு கடலோரத்துக்கு அழைத்துப்போய், வெயில் தணிந்தபின் கடற்காற்றில் உட்காரவைத்துப் படமெடுப்பது. பிள்ளைகள் பெற்றோருக்குத் தரும் பரிசாக.

மாதிரிக்குப் பேட்ரிக்கைக் கேட்டோம். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். என் கணவர் வில்லியமின் சிநேகிதர். வெள்ளைச் சட்டையில், கடற்சுவர் மேல் தனியாக உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறார். மிக அழகு. கறுப்பு வெள்ளையில் போடச் சொன்னது நான்தான்.

அவள் வைத்திருந்த தலைப்பு: அம்மா அப்பாவுக்கு ஒரு சாயங்காலம். அது பேச்சு. எழுத்தில் மாலை என்றுதான் வரவேண்டும் என்றேன்.

"சாயங்காலம்னாதான் மம்மி எல்லாருக்கும் புரியும்."

"புரிவது வேறு, சரியாக இருப்பது வேறு."

'பெற்றோருக்கு ஒரு மாலை' என்று மாற்றினேன். கீழே இப்படி எழுதினேன்: வாழ்நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்களுக்கு, அமைதியான ஒரு மாலை.

எனக்கே பிடித்திருந்தது.

செப்டம்பர் 20, சனி

மாலை ஆறு மணிக்கு வெளியிட்டாள். நிறையப் பேர் பகிர்கிறார்களாம். ரயன்கூட எட்டிப் பார்த்தான். கடவுளே, இதுவாவது.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடிந்ததும் ஆயர் ஈத்தாமிலிருந்து தொலைபேசியில் ஜெயலெட்சுமி. வில்லியமோடு வேலை செய்தவள். ஒரே அழுகை.

"அக்கா, பேட்ரிக் அண்ணன் எப்ப தவறினாரு? ஒரு வார்த்த சொல்லலியே!"

என்ன உளறல் என்றேன்.

"நீங்கதானேக்கா போட்டிருக்கீங்க. படத்தப் போட்டு, மாலைன்னு. உழைச்சுக் களைச்சவருக்கு அமைதின்னு."

அப்போதுதான் — ஐயோ. கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைச் சட்டை. மாலை. இத்தனை நாள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேனே, எனக்கு ஏன் தெரியாமல் போச்சு? என் கண்ணுக்குச் சாயங்காலம் மட்டும்தானே தெரிஞ்சுது!

அதோடு முடியவில்லை. கெப்பாலா பத்தாஸிலிருந்து பேட்ரிக்கின் சித்தப்பா மகன் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கியிருக்கிறார், கையில் ஆள் உயர ரோஜா மாலையோடு. கேட்டைத் திறந்தது சாரோங் கட்டிய பேட்ரிக்.

பூசைக்குப் போனேன். எல்லாரும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. பேட்ரிக் ஆர்மோனியத்தை விட்டு எழுந்திருக்கும் முன் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஜோவான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அந்தப் பதிவு, சிரிக்கும் முகக்குறிகளோடு கைபேசிகளில் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. பாயான் பாருவில் ஒரு கல்யாணம் பேசி வைத்திருந்தாள். பெண்ணின் தாய் வேண்டாம் என்றுவிட்டாள். "நல்ல காரியம் பாருங்க. இப்படி ஆரம்பிச்ச கை வேணாம்" என்றாளாம்.

"விடு ஜோ. ஜொகூர்ல பாத்துக்கலாம்" என்றான் ரயன், நான் அங்கேயே நிற்கும்போது.

செப்டம்பர் 24, புதன்

அகராதியைப் பார்த்தேன். இரண்டு பொருளும் இருக்கின்றன. என் மேல் தப்பில்லை என்று அகராதி சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஒரு விளக்கம் எழுதிப் பார்த்தேன்: 'வாசகர் சிலர் பிழையாகப் புரிந்துகொண்டனர்.' நன்றாக, நிமிர்ந்து நின்றது. கிழித்துப்போட்டேன்.

ஜோவான் ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள். 'என் மாமியார் எழுதியது' என்று ஒரு இடத்தில்கூடப் போடவில்லை. தேடிப் பார்த்தேன். ஏசியிருந்தாலாவது நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன்.

பேட்ரிக் இன்னும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 27, சனி

வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே, தோளில் அந்தக் காய்ந்த ரோஜா மாலையோடு.

"தெரேசா அக்கா, இது உங்க மாலதானே? திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கேட்டால்தானே?

"அதெல்லாம் விடுங்க லா. எனக்கு ஒரே வருத்தம்தான். அவ்ளோ தூரம் வந்தானுங்க, ஒருத்தன் கண்ணுலயும் தண்ணி இல்ல. வழியில நிறுத்தி ரொட்டி சானாய் தின்னுட்டு வந்திருக்கானுங்க!"

தேநீர் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் படத்த மட்டும் அழிச்சிடாதம்மா ஜோவான். எனக்குப் பெரிசா ஒண்ணு போட்டுக் குடு. இல்லன்னா ஐ.சி. கார்டு படத்த வச்சே என்னையக் குழிக்கு அனுப்பிடுவானுங்க" என்றார். சொல்லிவிட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்தார்.

சுவரில் வில்லியம். யாருடைய கல்யாணக் கூட்டத்திலோ நின்ற படத்தை அவசரத்தில் வெட்டிப் பெரிதாக்கியது. அவர் தோளில் யாரோ ஒருவருடைய கை, நான்கு விரல், ஒரு மோதிரம். அது யார் கை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடக்கத்தின்போது வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தார்கள். தினமும் அந்தக் கையையும் சேர்த்துத்தான் துடைக்கிறேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று மதியம், பேட்ரிக் கிளம்பும் முன்பே உட்கார்ந்து எழுதினேன். மாலை, மோதிரக் கை, ரொட்டி சானாய், எல்லாவற்றையும். கடைசியில்: 'சாயங்காலம் என்று போடச் சொன்னவள் என் மருமகள். அவள் சொன்னதே சரி.' கீழே என் முழுப்பெயர்.

ஜோவான் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு பேட்ரிக்கைக் காய்ந்த மாலையோடு வாசலில் நிறுத்திப் படமெடுத்தாள், இந்தமுறை வண்ணத்தில். தலைப்பு அவள் வைத்தது: பேட்ரிக் அங்கிள் உயிரோடதான் இருக்காரு.

நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் அல்ல, வயதானவர்களே, பின்னால் சுவரில் மாட்டத் தங்களுக்கும் ஒரு நல்ல படம் வேண்டுமாம். சிலர் மெதுவாகப் பேசுகிறார்கள்: "மகன்கிட்ட சொல்லிடாதீங்க, பயந்துருவான்." ஜெயலெட்சுமி தன் அக்காவையும் கூட்டி வந்தாள். பட்டுப்புடவை வேண்டாம், வெளிச்சத்தில் மின்னும் என்று முன்னரே எழுதிவிட்டேன். ஐந்தாவது பதிவு அது. ஏச்சு குறைவு என்றாள் ஜோவான்.

பாயான் பாருப் பெண்ணின் தாய் மனம் மாறவில்லை. தாள்கள் இன்னும் குளிர்பெட்டியின் மேல்.

நவம்பர் 15, சனி

தாள்களைக் காணவில்லை. கிழித்தானா, கையெழுத்துப் போட்டு அனுப்பினானா? கேட்கமாட்டேன். இராத்தூக்கம் இல்லை.

டிசம்பர் 6, சனி

அடுத்த ஆண்டின் தேவாலய நாட்காட்டியை ஜோவான் சமையலறையில் மாட்டியிருக்கிறாள். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை புரட்டினேன். ஏப்ரலில் உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பிறகும் பென்சிலில், படமெடுக்க வருகிறவர்களின் பெயர்கள். சாம்பல் புதனின் கட்டத்துக்குள் சின்னதாக: 'மம்மி — புது ஐடியா கேக்கனும்'. றன்னகரம் வரவேண்டிய இடம் அல்ல, ணகரம் வரவேண்டும். இருக்கட்டும்.

ரயன் முன்னறைச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கிறான். படத்துக்குப் பின்துணி தொங்கவிட நிலையான கம்பியாம். வீடெல்லாம் தூசி. கேமராக்களின் மேல் துணியைப் போட்டு மூடினேன்.

"இன்னிக்கு யார் உட்காருகிறார்கள்?" என்று ஜோவானைக் கேட்டேன்.

"நீங்கதான் மம்மி."

நீலப் புடவையைத் தேய்த்து வைத்தாயிற்று. சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்.